‘செக்’ என்னும் ஓர் ஆங்கிலச் சொல்



ஆங்கிலத்தில் ‘செக்’ என்று ஒரு சிறு சொல் உண்டு. ஆங்கிலம் பயிலாதவர்களும் நம் நாட்டில் அதனை நாள்தோறும் வழங்குகின்றனர். வங்கியில் கொடுத்துப் பணம் பெறுவது செக். சதுரங்கம் ஆடுகிறவன் எதிரியின் அரசனை நெருக்கியவுடன் சொல்வதும் செக். மாநில எல்லையில் வண்டியை நிறுத்தும் இடம் செக்போஸ்ட். ஓடும் பேருந்தில் ஏறி, ‘சீட்டைக் காட்டுங்கள்’ என்று கை நீட்டுபவர் செக்கர். நோய் உண்டா இல்லையா என்று மருத்துவர் பார்ப்பது செக்கப். கட்டம் போட்ட சட்டைத் துணிக்கும் கடைக்காரர் இதே பெயரைத்தான் சொல்லுகிறார்.

பணம், ஆட்டம், தடை, சோதனை, துணி. இவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு? ஒலி ஒன்றாக அமைந்துவிட்ட ஐந்தாறு தனிச்சொற்களா இவை? அல்லது ஒரே சொல்தான் இத்தனை வேடம் பூண்டு வருகிறதா? இதனையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய எண்ணுகிறேன்.

முதலில் சிலரை விலக்கி வைப்போம். எண்ணெய் ஆட்டுகின்ற நம் செக்குக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது தூய தமிழ்ச் சொல். அந்தி வானத்தின் செக்கருக்கும் பேருந்தில் ஏறும் செக்கருக்கும் உறவு தேட வேண்டா. ஐரோப்பாவில் செக் நாடு என்று ஒரு நாடு உண்டு. அந்தப் பெயரும் வேறு. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டே இரண்டு சொற்களை உறவினர் என்று முடிவு கட்டுதல், முகச்சாயல் ஒத்த இருவரை விசாரியாமலே உடன்பிறந்தார் என்று கூறுவது போன்றதாகும். சொல்லாராய்ச்சி செய்யப் புகுந்த பலர் வழுக்கி விழுந்த இடம் இதுவே. சொற்களின் உறவை அவை நடந்து வந்த வழியைக் கொண்டு காட்டவேண்டும்.

நம் ‘செக்’ நடந்து வந்த வழி நன்றாகத் தெரிகிறது. வியப்பு என்னவெனில், அது புறப்பட்ட இடம் இங்கிலாந்து அன்று; ஈரான். அதற்கும் முற்பட்ட கதையோ நம் நாட்டைத் தொடுகிறது.

இந்தியாவின் வடபகுதியில், ஏறத்தாழ கி.பி. 6-ஆம் நூற்றாண்டளவில், சதுரங்கம் என்னும் ஆட்டம் வழக்கில் இருந்தது. யானை, தேர், குதிரை, காலாள் ஆகிய நால்வகைப் படை உறுப்புகளைக் குறிப்பது அப்பெயர். அந்த ஆட்டத்தைப் பாரசீகர் கற்றுக்கொண்டனர். நம்மவர் ராஜா என்று அழைத்த காயை அவர்கள் தங்கள் மொழியில் ‘ஷா’ என்றனர். ஷாஜகான் என்னும் பெயரில் முன்னே நிற்கிறதே, அந்த ஷா. பாதுஷா என்பதில் பின்னே வருகிறதே, அதே ஷா. அரசன் என்பது பொருள். இந்த ஷாவும் வடமொழியில் க்ஷத்திரியன் என்னும் சொல்லும் ‘ஆளுதல்’ என்று பொருள்படும் ஒரே பழைய வேரினின்று கிளைத்தவை என்பர் மொழிநூலார்.

எதிரியின் அரசனைத் தாக்கும் நிலைக்குக் காயை நகர்த்தியவன், மறைவாகச் சென்று அரசனைப் பிடித்துவிடலாகாது, ‘ஷா!’ என்று குரல் கொடுத்து எச்சரிக்க வேண்டும். ‘அரசே, காத்துக்கொள்க’ என்பது அதன் கருத்து. இந்தக் குரல்தான் நம் சொல்லின் பிறப்பு.

7-ஆம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகத்தை வென்றனர். ஆட்டம் அவர்கள் கைக்குப் போயிற்று. அவர்களோடு ஸ்பெயின், இத்தாலி வழியாக ஐரோப்பாவிற்குள் நுழைந்தது. ‘ஷாஹ்’ என்பதன் இறுதியிலுள்ள ஹகர ஒலி ஐரோப்பியர் வாயில் ககரமாக மாறிற்று. நாமும் மோஹனை மோகன் என்றும், மஹாராஜனை மகாராஜன் என்றும் சொல்லுகிறோம் அல்லவா? அது போன்றதே இது. இலத்தீனில் ‘ஸ்காக்கஸ்’ என்று ஆகி, பழைய பிரெஞ்சு மொழியில் ‘எஸ்செக்’ என்று உருமாறி, இங்கிலாந்தை அடையும்பொழுது தலையிலிருந்த எழுத்துகளையும் இழந்து, ‘செக்’ என்று நின்றது. இச்சொல்லின் பிரெஞ்சுப் பன்மை வடிவத்திலிருந்து வந்ததே ‘செஸ்’ என்னும் ஆட்டத்தின் பெயர். ஆகவே செஸ் என்றாலும் செக் என்றாலும் அடிப்படையில் ஒரே சொல். அரசர்கள், அரசன் என்பதே வேறுபாடு.

ஆட்டத்தின் முடிவில் சொல்லப்படும் ‘செக்மேட்’ என்பதனையும் இங்கேயே பார்த்துவிடலாம். பாரசீகத்தில் அது ‘ஷா மாத்’. அரபு மொழியில் இறப்பைக் குறிக்கும் சொல் ஒன்று ஒலியால் இதனை ஒத்திருப்பதால், ‘அரசன் இறந்தான்’ என்று பொருள் கூறுவார் உளர். பாரசீகத்தில் ‘மாத்’ என்பதற்குச் செயலற்றவன், திகைத்து நிற்பவன் என்று பொருள். எனக்கு இந்த இரண்டாம் பொருளே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். மற்றக் காய்கள் எல்லாம் வெட்டுண்டு பலகையை விட்டு வெளியேறுகின்றன. அரசன் மட்டும் ஒருபொழுதும் வெட்டுண்பதில்லை. எங்கும் நகர வழியின்றி நின்ற இடத்திலேயே நிற்கிறான், ஆட்டம் முடிகிறது. ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கின்ற ‘மேட்’ என்னும் சொல் வேறு. அதனை இதனோடு குழப்பலாகாது.

2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபொழுது, 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து குழுமினர். இக்காலப் போட்டிகளில் ‘செக்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற விதி இல்லை. பழைய பாரசீகக் குரல் அங்கே மௌனமாகிவிட்டது. நம் வீட்டுத் திண்ணைகளிலோ அது இன்றும் ஓங்கியே ஒலிக்கிறது.

நிற்க. அரசனைக் குறித்த சொல் எவ்வாறு தடையையும் சோதனையையும் குறிக்கலாயிற்று?

‘செக்’ என்ற குரல் கேட்டவுடன் எதிராளி என்ன செய்கிறான்? அதுவரை அவன் மனத்தில் போட்டு வைத்திருந்த திட்டங்கள் அத்தனையும் நின்றுபோகின்றன. குதிரையை அங்கே பாய்ச்சலாம், யானையை இங்கே நகர்த்தலாம் என்று எண்ணியிருந்தவன், அவற்றைக் கைவிட்டு அரசனைக் காக்கும் ஒன்றையே செய்தாக வேண்டும். எனவே ‘செக்’ என்பது தாக்குதலைக் குறித்தது. பிறகு திடீரென்று நின்றுபோதலைக் குறித்தது. பிறகு நிறுத்துவதை, அடக்குவதை, கட்டுப்படுத்துவதைக் குறித்தது. பலகையை விட்டு இறங்கிய சொல், ஓடும் குதிரையின் கடிவாளத்திலும், சினங்கொண்டவன் நெஞ்சிலும், படையெடுத்து வரும் பகைவனின் வழியிலும் போய் அமர்ந்தது.

சரிபார்த்தல் என்னும் பொருள் இதற்கும் பின்னர்ப் பிறந்தது. ஒரு கணக்கை அதன் மறுபடியோடு ஒப்பிட்டால் திருட்டுக்குத் தடை ஏற்படுகிறது. தடைசெய்வதற்காக ஒப்பிட்டார்கள், நாளடைவில் ஒப்பிடும் செயலே ‘செக்’ ஆயிற்று. இன்று பெரும்பாலோர் இச்சொல்லைக் கேட்டவுடன் முதலில் நினைப்பது இந்தக் கடைசிப் பொருளைத்தான்.

இதனால் விளையும் குழப்பத்தை நான் பணியாற்றிய காலத்தில் கண்டிருக்கிறேன். ஒரு போர்வீரனைப் பற்றிய ஆங்கிலப் பகுதியைத் தமிழாக்கச் சொல்லியிருந்தோம். அவன் தன் கோபத்தைச் ‘செக்’ செய்தான் என்று மூலத்தில் இருந்தது. மாணவன் ஒருவன், ‘அவ்வீரன் தன் கோபத்தைச் சரிபார்த்தான்’ என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. அவன் சோம்பேறி அல்லன். அகராதியைப் பார்த்தே எழுதியவன். அகராதி ஐந்தாறு பொருள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையிட்டுக் கொடுத்தது. எதனை எங்கே எடுப்பது என்பதற்கு வழி காட்டவில்லை. மறுநாள் சதுரங்கப் பலகை ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுசென்று அரசனை நெருக்கிக் காட்டினேன். ‘ஐயா, அப்படியானால் அடக்கினான் என்று எழுதவேண்டும்’ என்று அவனே எழுந்து சொன்னான்.

கோபத்தைச் சரிபார்த்தால் நகைப்போடு போயிற்று. அரசியல் நூலில் இப்பிழை நேர்ந்தால் கருத்தே தலைகீழாகிவிடும். 1787-இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் படிக்கும்பொழுது, ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்னும் தொடரைக் கல்லூரி மாணவர்கள் காண்பீர்கள். இதனைச் ‘சோதனைகளும் சமநிலைகளும்’ என்று மொழிபெயர்த்தால், ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பின் கணக்கைத் தணிக்கை செய்வது போன்ற எண்ணம் எழும். உண்மை அதுவன்று. காங்கிரசு நிறைவேற்றிய சட்டமுன்வடிவைக் குடியரசுத் தலைவர் மறுத்து நிறுத்தலாம். அந்த மறுப்பைக் காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் முறியடிக்கலாம். தலைவர் நியமிக்கும் நீதிபதிகளுக்குச் செனட்டு அவை இசைவு தர மறுக்கலாம். இவை சதுரங்கத்தின் ‘செக்’. அதிகாரத்தின் பாய்ச்சலை இடையில் மறிக்கும் தடைகள். ‘தடைகளும் சமன்களும்’ என்பதே பொருந்தும். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தவன், மக்களாட்சியில் அதிகாரத்தை யார் எவ்வாறு நிறுத்த முடியும் என்பதனையே தவறாக அறிந்துகொள்கிறான்.

இனிப் பணத்தின் பக்கம் திரும்புவோம். இங்கேதான் கதை மிகவும் சுவையாகிறது.

பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்பது பட்டம். எக்ஸ்செக்கர் என்பது பழைய பிரெஞ்சு மொழியில் சதுரங்கப் பலகை. ஒரு நாட்டின் கருவூலத்திற்குச் சதுரங்கப் பலகையின் பெயர் ஏன்? இதற்கு விடை ஒரு பழைய நூலில் கிடைக்கிறது. இரண்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் என்பவர், 1170-களின் பிற்பகுதியில், எக்ஸ்செக்கரின் நடைமுறைகளை விளக்கி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். ஆசிரியனும் மாணவனும் உரையாடுவதாக அமைந்தது அந்நூல். ஆசிரியத் தொழில் செய்தவன் ஆதலால் எனக்கு அதன்மீது ஒரு தனி அன்பு உண்டு. எக்ஸ்செக்கர் என்றால் என்ன என்று மாணவன் கேட்கிறான். ஒரு மேசை என்று ஆசிரியர் விடை தொடங்குகிறார்.

அந்த மேசை ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. மேலே வைத்தது கீழே விழாதபடி சுற்றிலும் நான்கு விரற்கடை உயர விளிம்பு. மேசைமேல் கரிய துணி ஒன்றை விரித்திருப்பார்கள். அத்துணியில் ஓரடிக்கோ ஒரு சாணுக்கோ ஒன்றாகக் கோடுகள். ஒரு பத்தியில் பென்னி, அடுத்ததில் ஷில்லிங், அதற்கடுத்து பவுன், பிறகு இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று பத்திகள் செல்லும். மாவட்டத்தில் வரி தண்டிய ஷெரீப் என்னும் அதிகாரி ஒருபுறம் உட்காருவார். கருவூலத் தலைவர் எதிர்ப்புறம். ஷெரீப் செலுத்தவேண்டிய தொகையைக் காசு போன்ற வில்லைகளால் மேல் வரிசையில் அடுக்குவார்கள். செலுத்திய தொகையைக் கீழ் வரிசையில் அடுக்குவார்கள். மேலிருந்து கீழைக் கழித்தால் பாக்கி கண்முன்னே தெரியும்.

எழுதிக் கழிக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களிடம் இருந்தவை ரோமானிய எண்கள். அவற்றில் இடமதிப்பும் இல்லை, சுழியும் இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்க இயலாது. நம் பழந்தமிழ் எண்களிலும் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எழுத்தால் முடியாததை, கட்டம் கட்டிய துணி செய்து கொடுத்தது. சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் பொருவது போல, இந்த மேசையில் கருவூலத் தலைவரும் ஷெரீப்பும் பொருகின்றனர் என்று ஃபிட்ஸ்நீலின் ஆசிரியர் விளக்கம் தருகிறார். அந்த ஷெரீப்புகளின் வயிற்றில் புளி கரைத்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

பணம் செலுத்தியவனுக்குப் பற்றுச்சீட்டு? அது ஒரு குச்சி. குச்சியின் விளிம்பில் வெட்டுகள் இடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைப் பருமன் வெட்டு; நூறுக்குக் கட்டைவிரல் அளவு; இருபதுக்குச் சுண்டுவிரல் அளவு; ஒரு பவுனுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கு ஒரு பாதி எடுத்துக்கொள்வார்கள். பின்னால் ஐயம் எழுந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒருவன் தன் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டு இட்டால் மறுபாதி காட்டிக் கொடுத்துவிடும். மரத்தின் இழையை எவனாலும் போலியாகச் செய்ய இயலாது. இக்குச்சிக்கு ஆங்கிலத்தில் ‘டேலி’ என்று பெயர். வணிகவியல் மாணவர்கள் கணினியில் கற்கும் கணக்கு மென்பொருளின் பெயரும் அதுதான்.

இக்குச்சிகள் ஏறத்தாழ 700 ஆண்டுகள் வழக்கில் இருந்தன. 1782-இல் அவற்றை ஒழிக்கச் சட்டம் செய்தும், 1826 வரை அவை நீடித்தன. குவிந்து கிடந்த பழங்குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் கீழிருந்த அடுப்புகளில் இட்டு எரித்தனர். அனல் மீறிற்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி அன்றிரவே சாம்பலாயிற்று.

குச்சி போயினும் அதன் கருத்துப் போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டில், பணமுறிகளை இரு பகுதிகளாக அச்சிட்டு, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வைத்துக்கொண்டனர். மோசடியைத் தடுப்பதற்காக வைத்துக்கொண்ட பகுதிக்குத்தான் முதலில் ‘செக்’ என்று பெயர். பிறகு அப்பெயர் மெல்ல நகர்ந்து, கொடுக்கும் தாளுக்கே உரியதாயிற்று. எக்ஸ்செக்கரின் சாயல் பட்டதால் பிரிட்டனில் அதன் எழுத்துக்கூட்டலும் மாறிற்று. அமெரிக்கர் பழைய எழுத்துகளையே வைத்துக்கொண்டனர். நம் நாட்டில், 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டிஷ் வடிவத்தை எடுத்துக்கொண்டதால், நாமும் அவ்வாறே எழுதுகிறோம். உணவு விடுதிக் கணக்குச் சீட்டையும் அமெரிக்கர் ‘செக்’ என்பர். அங்குச் செல்லும் மாணவர்கள் திகைக்க வேண்டா.

இதற்குத் தமிழில் நாம் காசோலை என்கிறோம். இதனினும் நல்ல சொல்லாக்கம் அரிது என்பது என் கருத்து. ஓலை என்பது நமக்கு இலையும் ஆகும், எழுத்துப் பத்திரமும் ஆகும். சோழர் காலத்தில் மன்னன் ஆணையை ஓலையில் எழுதும் அதிகாரிக்குத் திருமந்திர ஓலை என்றே பெயர். காசோலையை இவ்வாறு இரண்டாகப் பிரித்தபின் நம்மிடம் தங்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘கவுண்டர்ஃபாயில்’ என்பது பெயர். அதிலுள்ள ‘ஃபாயில்’ இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. நாம் அதனை அடிக்கட்டை என்கிறோம். அவர்கள் இலை என்றனர், நாம் மரத்தின் அடி என்றோம். கொடுத்த தாளை ஓலை என்றோம். இரண்டு மொழிகளும் ஒரே மரத்தைச் சுற்றி வந்திருக்கின்றன.

எஞ்சியது துணி. சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தே கட்டம் போட்ட நெசவுக்கு இப்பெயர் வந்தது. நம் நெசவாளர் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி கடல் கடந்து சென்றபொழுது, அதற்கு ‘மெட்ராஸ்’ என்று நகரின் பெயரையே வைத்துவிட்டார்கள். நகரின் பெயர் 1996-இல் சென்னை என்று மாறிய பின்பும், அயல்நாட்டுக் கடைகளில் துணியின் பெயர் மாறவில்லை. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்த வாழ்க்கையை ஆங்கிலேயர் ‘கட்டமிட்ட வாழ்க்கை’ என்னும் பொருள்பட வருணிப்பர். வெளிச்சக் கட்டம் ஒன்று, இருட்டுக் கட்டம் ஒன்று என்பது கருத்து. நாமோ கட்டம் என்ற சொல்லை வேறு பக்கம் கொண்டுசென்றோம். வாழ்வின் ஒரு நிலையைக் கட்டம் என்கிறோம். நெருக்கடியான கட்டம் என்கிறோம். ஒருவனுக்கு வேளை சரியில்லை என்றால், ‘கட்டம் சரியில்லை’ என்று பெருமூச்சு விடுகிறோம். அந்தக் கட்டம் சோதிடர் வரைவது; அதில் 12 அறைகளே உண்டு. சதுரங்கப் பலகையில் 64.